நாலு லட்சத்துக்கு ஒரு குட்டி யானை: யாருக்குப் பொருந்தும்?

எங்கள் பகுதி உழவர்களின் மாதக் கூட்டத்தில் முன்பெல்லாம் ஜீவாமிர்தம், மூடாக்கு, கத்தரியில் காய்ப்புழு என்றுதான் பேச்சு ஓடும். இப்போது சில மாதங்களாகக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் எல்லோரும் பேசுவது வண்டியைப் பற்றி. “சார், நீங்க பேங்க்ல இருந்தவரு, சொல்லுங்க, எடுக்கலாமா வேண்டாமா?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வயதானவர்களும் கேட்கிறார்கள், மகன் நச்சரிக்கிறான் என்று.

காரணம் தெரிந்ததுதான். 2025 ஜூன் மாதம் டாடா நிறுவனம் ஏஸ் புரோ என்ற சிறிய வண்டியை 3.99 லட்ச ரூபாய் அறிமுக விலையில் இறக்கியது. 750 கிலோ பாரம், ஆறரை அடி நீளப் பெட்டி. பெட்ரோலில் ஒன்று, கேஸும் பெட்ரோலும் சேர்ந்தது ஒன்று, மின்சாரத்தில் ஒன்று என மூன்று வகை. அதே செப்டம்பரில் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நாலு லட்சத்துக்கு நாலு சக்கரம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி நல்ல வண்டிதான். நமக்கு இன்று தேவைப்படும் அளவும் ஏறக்குறைய அதுதான். ஆனால் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒரு தனி உழவர் தன் காய்கறியை மட்டும் கொண்டுபோக அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஐந்தாறு பேர் சேர்ந்து தினசரி ஓட்டம் காட்ட முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் கதையும் வேண்டும்.

2005-இல் முதல் ஏஸ் வந்தபோது நான் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். விலை இரண்டேகால் லட்சம் அளவில். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதற்கு முன் சிறு வியாபாரிக்கு இருந்தது இரண்டே வழி: மூன்று சக்கர லோடு ஆட்டோ, இல்லையென்றால் 407 மாதிரி பெரிய வண்டி. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் வந்து நின்ற வண்டிக்கு வடக்கே சோட்டா ஹாத்தி என்று பெயர் விழுந்தது, நம் ஊரில் குட்டி யானை. தண்ணீர் கேன் போடுகிறவர், பாத்திரக் கடைக்காரர், முட்டை வியாபாரி, இளநீர் வியாபாரி என்று வரிசையாக வந்தார்கள். விவசாயி என்று வந்தவர் மிகக் குறைவு. அன்றைய விவசாயிக்கு அது தேவைப்படவில்லை.

ஏன் தேவைப்படவில்லை? அப்போது நம் விற்பனை முறையே வேறு. தக்காளி என்றால் தோட்டம் முழுக்கத் தக்காளி. ராத்திரி ஒரு பெரிய வண்டி ஊர் ஊராக வந்து எல்லார் பெட்டியையும் ஏற்றும், விடிவதற்குள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்கும். வண்டி வாடகை, இறக்குகூலி, கமிஷன் எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். விலை நம் கையில் இல்லை. ஆனால் வண்டியைப் பற்றிக் கவலையும் இல்லை.

இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்களின் நிலைமை தலைகீழ். என் தோட்டத்தையே சொல்கிறேன். ஒரு நாள் அறுவடை என்றால் வெண்டை 30 கிலோ, கத்தரி 25, பாகல் 10, புடலை கொஞ்சம், முருங்கை ஒரு கட்டு, நாலு வகைக் கீரை, வாழைத்தார் இரண்டு, நாட்டுக்கோழி முட்டை அறுபது. போதாததற்குச் செக்கு எண்ணெய், தூயமல்லி அரிசி. மொத்த எடை 200 கிலோ தாண்டாது. ஆனால் இடம் அடைக்கும். கீரையின் மேல் எதையும் வைக்க முடியாது. முட்டையைத் தனியாக வைக்க வேண்டும். பத்து மணிக்குள் நகரத்து வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் கீரை தலை சாய்ந்துவிடும். இந்தச் சரக்கை மண்டி வண்டியில் ஏற்ற முடியாது, மண்டிக்குக் கொண்டுபோனால் நஞ்சில்லாதது என்று கூடுதலாக ஒரு ரூபாயும் கிடைக்காது. ஆக, எடை குறைந்தது, வகை கூடியது, நடை கூடியது, நேரம் நெருக்கியது. வாங்குகிறவரின் தேவை மாறியிருக்கிறது என்று வண்டிக் கம்பெனிக்காரர்கள் சொல்வது உண்மைதான்.

வாடகை வண்டியில் நமக்கு இருக்கிற சங்கடங்களையும் மறைக்கக் கூடாது. முகூர்த்த நாளில் வண்டி கிடைக்காது. பந்தல் சாமானும் பாத்திரமும் ஏற்றப் போயிருப்பார்கள். நேற்று யூரியா மூட்டையும் பூச்சிமருந்துப் பெட்டியும் ஏற்றிய அதே பலகையில் இன்று நம் கீரைக்கட்டு உட்காரும். அங்ககச் சான்று வாங்கியவர்களுக்குத் தெரியும், ஏற்றிச் செல்லும் வண்டியும் சுத்தமாக இருக்க வேண்டும், மற்ற சரக்கோடு கலக்கக் கூடாது என்பது விதி. சான்று இல்லாதவர்களுக்கும் அது நம் வீட்டுக்கு வருகிற வாடிக்கையாளருக்குச் செய்ய வேண்டிய நியாயம். தனியாகத் தோட்டம் பார்க்கும் பெண் உழவர்கள் இன்னொன்று சொல்கிறார்கள்: டிரைவர் எப்போது போன் எடுப்பார் என்று காத்துக்கிடப்பதே பெரிய வேலை. இதெல்லாம் சொந்த வண்டி வேண்டும் என்பவர்களின் நியாயமான வாதங்கள். நான் எதையும் தள்ளவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு பிடிக்காதவர்கள் ஒரு டீயை வைத்துக்கொண்டு படியுங்கள், ஆனால் தாண்டிப் போகாதீர்கள்.

வண்டி சாலைக்கு வரும்போது பதிவு, இன்சூரன்ஸ், தார்ப்பாய், கம்பி எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 50,000 கையிலிருந்து போட்டு 4 லட்சம் கடன், 5 வருடம், 11 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 8,700 ரூபாய். அடுத்த வருடங்களுக்கு இன்சூரன்ஸ் வருடம் 25,000 என்று போட்டால் மாதம் 2,100. டயர், சர்வீஸ், எஃப்.சி. செலவுக்கு மாதம் 1,700 ஒதுக்க வேண்டும். ஆக வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 12,500 ரூபாய். வாரம் இரண்டு நடை, போக வர 80 கிலோமீட்டர் என்றால் மாதம் 9 நடை, 720 கிலோமீட்டர். பாரத்தோடு லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோல் 4,500 சொச்சம். மொத்தம் 17,000. நாம் கொண்டுபோவது நடைக்கு 200 கிலோ, மாதம் 1,800 கிலோ. கிலோவுக்கு ஒன்பதரை ரூபாய் போக்குவரத்துச் செலவு! ஐம்பது ரூபாய்க்கு விற்கிற காயில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகிறது. மண்டியில் கமிஷன் பத்து சதவீதம் பிடிக்கிறார்கள் என்று கோபப்பட்டுத்தானே நேரடி விற்பனைக்கு வந்தோம்?

“கடன் வாங்கினால்தானே இந்தக் கணக்கு, நான் ரொக்கம் போடுகிறேன்” என்று என்னைப் போல ஓய்வுபெற்று வந்த நண்பர் ஒருவர் சொன்னார். ரொக்கம் போட்டாலும் வண்டி தேயும். நாலரை லட்சத்து வண்டி 8 வருடம் கழித்து ஒரு லட்சத்துக்குப் போனால் தேய்மானம் மாதம் 3,600 சொச்சம். அந்தப் பணம் டெபாசிட்டில் இருந்தால் வந்திருக்கும் வட்டி 7 சதவீதத்தில் மாதம் 2,600. எல்லாம் கூட்டினாலும் கிலோவுக்கு எட்டு ரூபாய்க்குக் கீழே வரவில்லை.

அதே வண்டியில் நடைக்கு 600 கிலோ ஏற்றிப் பாருங்கள். 20 கிலோ டிரே முப்பது. மாதம் 5,400 கிலோ. அதே 17,000 ரூபாய்தான் செலவு, பெட்ரோல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கிலோவுக்கு மூன்று ரூபாய் சொச்சம். வண்டியும் மாறவில்லை, விலையும் மாறவில்லை, ஏற்றிய பாரம் மட்டும்தான் மாறியது.

வாடகை வண்டியோடு ஒப்பிட்டால் என்ன? எங்கள் பக்கம் இந்த 80 கிலோமீட்டர் நடைக்கு, அரை நாள், டிரைவரோடு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். சொந்த வண்டியைத் தானே ஓட்டினால் மாதம் 13 நடைக்கு மேல் போனால்தான் சொந்த வண்டி வாடகையை வெல்லும். சம்பளத்துக்கு டிரைவர் வைத்து நடைக்கு 500 கொடுத்தால் 25 நடை வேண்டும். அதாவது ஏறக்குறைய தினமும். உங்கள் ஊர் வாடகையையும் தூரத்தையும் போட்டு நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், எண் மாறலாம். முறை மாறாது. மாதம் எத்தனை நடை, நடைக்கு எத்தனை கிலோ என்ற இரண்டுக்கும் பதில் இல்லாமல் ஷோரூம் பக்கம் போகவே கூடாது.

“மிச்ச நாளில் வாடகைக்கு ஓட்டிக்கொள்ளலாமே” என்பது எல்லோரும் சொல்லும் பதில். ஷோரூமில் விற்பனையாளரும் இதைத்தான் சொல்வார். இதில்தான் எனக்குப் பெரிய பயமே இருக்கிறது.

பக்கத்து ஊரில் ஒரு தம்பி. பெயர் வேண்டாம். நாலு ஏக்கர், நல்ல கிணறு, இரண்டு நாட்டு மாடு. இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலையை விட்டு வந்தவன். பந்தல் காய்கறியில் அவன் போட்ட மூடாக்கைப் பார்க்க நாங்கள் ஒரு முறை வேன் வைத்துக்கொண்டு போயிருக்கிறோம். காய்கறிக் கூடைக்கு நகரத்தில் முப்பது வீடு பிடித்திருந்தான். ஒரு பழைய மாடல் குட்டி யானையைக் கடனில் எடுத்தான். வாரம் இரண்டு நாள் கூடை, மற்ற நாள் சும்மா நிற்கிறதே என்று மண்டிக்கு ஒரு வியாபாரியின் சரக்கு ஏற்றினான். ஐந்தாம் தேதி தவணை. வியாபாரி ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடுவார். விடிய வந்து படுத்தால் மதியம் எழுவான். தண்ணீர் பாய்ச்ச ஆள் வைத்தான். ஆள் செலவுக்கு இன்னும் இரண்டு சவாரி. மாட்டைப் பார்க்க முடியாமல் விற்றான். மாடு போனதும் ஜீவாமிர்தம் போனது. கூடையில் வகை குறைந்தது, முப்பது வீடு பதினைந்தாகி நின்றுவிட்டது. இப்போது தோட்டத்தில் மக்காச்சோளம் நிற்கிறது, உரக்கடை உரத்தில்.

அவன் கெட்டுப்போகவில்லை. ஒரு தவணை தவறவில்லை, வண்டியைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறான். நான் கிளையில் இருந்திருந்தால் அந்தக் கணக்கைப் பார்த்து நல்ல கடன் என்றுதான் எழுதியிருப்பேன். முப்பது வருடம் அப்படித்தான் எழுதினோம். வண்டி ஓடுகிறதா, தவணை வருகிறதா என்று பார்ப்போம். அந்த நாலு ஏக்கரில் என்ன நடக்கிறது என்று கேட்கிற கட்டம் எந்த விண்ணப்பத்திலும் கிடையாது. போன மாதம் சந்தையில் பார்த்தபோது, “மேனேஜர் சார், கடன் முடிய இன்னும் பதினாலு மாசம், அப்புறம் திரும்பத் தோட்டம்தான்” என்றான். முடியட்டும். மாடு திரும்ப வரவேண்டும், மண் திரும்ப வரவேண்டும், அந்த முப்பது வீடும் திரும்ப வரவேண்டும்.

வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறை, கடனைக் குறை என்று நம் இயக்கம் இத்தனை வருடம் சொல்லி வருகிறது. உர மூட்டையை நிறுத்தி வருடத்துக்குப் பதினைந்தாயிரம் மிச்சம் பிடித்தவர், மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு நிலையான செலவை வீட்டு வாசலில் நிறுத்துவதை நான் எப்படிச் சரி என்பேன்?

சரி, சேர்ந்து வாங்குகிறவர்களுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். வண்டி எங்களுடையது அல்ல. உள்ளூர்ப் பையன் ஒருவனுடைய வண்டியைச் செவ்வாய், சனி இரண்டு நாளும் மாதக் கணக்கில் பேசியிருக்கிறோம். முதல் நாள் சாயங்காலம் பெட்டியைக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும், முந்தைய நாள் உரம், பூச்சிமருந்து ஏற்றக் கூடாது, காலை ஐந்து மணிக்கு முதல் தோட்டத்தில் நிற்க வேண்டும். இதற்காக நடைக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்கிறோம். முகூர்த்த நாளிலும் அவன் எங்களை விட்டுப் போனதில்லை, மாதம் முழுக்க நிச்சயமான வருமானம் என்பதால். செலவை டிரே கணக்கில் பிரிக்கிறோம். பெரிய தோட்டம், சின்னத் தோட்டம் என்ற பேச்சு வராது. திரும்பி வரும்போது காலி வண்டி வரக் கூடாது என்பதற்காகப் புண்ணாக்கு, மாட்டுத் தீவனம், காலி டிரே, கடைக்குத் தேவையான பாட்டில் எல்லாம் ஏற்றி வருகிறோம். வங்கியில் இருந்தபோது வண்டிக் கடன்களில் நான் கவனித்த ஒரு விஷயம் இது. போகும்போதும் வரும்போதும் பாரம் இருந்த வண்டிக்காரர்கள் தவணையைக் கட்டிவிட்டார்கள், ஒரு பக்கம் காலியாக வந்தவர்கள் திணறினார்கள்.

எங்கள் ஐவரில் இருவர் இப்போது தனித்தனியாக வண்டி எடுக்க நினைக்கிறார்கள். எடுத்தால் மிச்சமிருக்கும் மூவரின் டிரேவுக்கு இந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது, அந்தப் பையனுக்கும் கட்டுப்படியாகாது. ஐந்து பேர் மூன்று வண்டி ஆவோம். ஒரே சாலையில் ஒரே நாளில் ஒரே ஊருக்கு மூன்று வண்டியும் முக்கால் காலியாக, நஞ்சில்லாக் காய்கறியைப் புகையோடு கொண்டுபோகும். இதை அவர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே எழுதுவதில் தப்பில்லை.

உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறவர்கள், பத்து இருபது பேரின் சரக்கைத் தினமும் சேகரிக்கிறவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு மாதம் 25 நடை சாதாரணம். அவர்களுக்கு இந்தப் புதிய சிறு வண்டி நன்றாகவே பொருந்தும். அவர்கள் மின்சார வண்டியையும் யோசிக்க வேண்டும். அறிமுக விலை ஆறரை லட்சம், பெட்ரோல் வண்டியைவிட இரண்டரை லட்சம் கூட. மின் வண்டிக்கு ஜிஎஸ்டி ஏற்கெனவே 5 சதவீதம்தான் என்பதால் செப்டம்பர் வரிக் குறைப்பில் பெட்ரோல் வண்டிதான் இறங்கியது, இடைவெளி கூடிவிட்டது. பேட்டரி 14.4 யூனிட், முழு சார்ஜில் 155 கிலோமீட்டர் என்கிறது கம்பெனி. பாரம், வெயில், மேடு எல்லாம் பார்த்து நான் 100 என்றுதான் கணக்கு வைப்பேன். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலைவிட மாதம் 10,000 ரூபாய் அளவுக்கு மிச்சம், கூடுதல் விலை இரண்டே கால் வருடத்துக்குள் திரும்பிவிடும். 720 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஆறு வருடம் ஆகும், அதற்குள் பேட்டரி கவலை வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: தோட்டத்து இலவச மின்சாரம் மோட்டாருக்கு மட்டும்தான். அதில் வண்டியைச் சொருகினால் விதிமீறல், அபராதம் வரும், இணைப்புக்கே ஆபத்து. வீட்டு இணைப்போ தனி இணைப்போ வேண்டும்.

எடுத்தே தீருவேன் என்பவர்களுக்குச் சில வார்த்தை. “ஏழரை பர்சென்ட்தான் சார்” என்று ஷோரூமிலேயே கடன் போடுவார்கள். அது பிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா என்று முதலில் கேளுங்கள். 4 லட்சத்துக்கு 5 வருடம் பிளாட் ஏழரை என்றால் தவணை 9,167. அது உண்மையில் 13 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டி. உழவர் தன் சொந்த விளைபொருளைக் கொண்டுசெல்ல வாங்கும் கடன் ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைக் கடன் விதிகளில் விவசாயத்தின் கீழ் வருகிறது. ஆகவே வங்கிக்குப் போனால் வாகனக் கடன் மேசைக்குப் போகாமல் விவசாய அதிகாரியிடம் பேசுங்கள். மாதத் தவணை வேண்டாம், அறுவடையை ஒட்டி மூன்று மாதத்துக்கு ஒரு தவணை வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் சில இடங்களில் கிடைக்கும், கேட்காவிட்டால் எங்கும் கிடைக்காது. வண்டிக் கடனுக்கு வண்டியே ஈடு. நிலப் பத்திரத்தைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தால் இந்த வண்டியை ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு அது போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவாக்கிவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டும் தேவையில்லை. ஆனால் எஃப்.சி. உண்டு.

இந்த வண்டியில் எனக்குப் பெரிய குறை முன்பக்கம் இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்பது. வியாபாரிக்கு அது போதும், டிரைவரும் ஒரு ஆளும். நம் வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் சந்தைக்குப் போகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டும். பிறகு என்ன நடக்கும்? மூன்றாவது ஆள் பின்னால் ஏறுவார். களை எடுக்க வந்த பெண்கள் ஏறுவார்கள். ஆடிக்குக் குலசாமி கோயிலுக்குப் பதினைந்து பேர் ஏறுவார்கள். சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ தவிர மற்றவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. ஏதாவது நடந்தால் இழப்பீடு உங்கள் நிலத்தின் மேல் வந்து உட்காரும். அப்படி வந்து உட்கார்ந்ததை வங்கியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஆகவே வீட்டில் வண்டி வந்தால் முதல் நாளே ஊருக்குச் சொல்லிவிடுங்கள், பின்னால் ஆள் ஏறாது என்று. மனக்கசப்பு வந்தாலும் பரவாயில்லை.

மூன்று பேர் உட்காரும் முன்பக்கம், காற்று புகும் பக்கத் தடுப்பு, கழுவினால் தண்ணீர் வடியப் பலகையில் துளை என்று கீரை ஏற்றுகிறவனை மனதில் வைத்து ஒரு வண்டி செய்தால் நன்றாக இருக்கும். அதுவரை நாமே லேத் பட்டறையில் மூவாயிரம் ரூபாய்க்குக் கம்பித் தட்டு அடித்துக்கொள்ளலாம். எங்கள் பையன் வண்டியில் இரண்டு அடுக்குத் தட்டு அடித்த பிறகு கீரை நசுங்குவது நின்றது.

அடுத்த மாதக் கூட்டத்திலும் வண்டிப் பேச்சுதான் வரும் என்று தெரியும். வருகிறவர்கள் ஒரு நோட்டு கொண்டுவாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்தத் தேதியில், எந்த ஊருக்கு, எத்தனை கிலோ, என்ன வாடகை, திரும்பும்போது என்ன ஏற்றி வந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும். உட்கார்ந்து பார்ப்போம். அந்தப் பக்கம் சரியாக வந்தால் வங்கிக்கு உங்களோடு நானும் வருகிறேன்.